ஓட்டலில் யாரும் உறங்கவில்லை: பழைய பயணங்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியூர் போன நாட்டுப்புறத்தார் எங்கே தங்கினார்கள் என்று எழுத முனையும் இளைஞர்கள், அச்சுக்குப் போகுமுன் தங்கள் கட்டுரைகளை என்னிடம் காட்டுவதுண்டு. சென்ற மாதம் வந்த மூன்றிலும், இருபது ஆண்டுகளுக்கு முன் நானே செய்து தலைகுனிந்த பிழைகள் அப்படியே இருந்தன. ஆண்டை மாற்றிப் போடுவது, ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவர் கவனித்துக்கொள்வார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டலை விடுதியாகப் படிப்பது

இந்தப் பிழையைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதற்கு நான் கொடுத்த விலை அப்படி. எங்கள் ஊர் விழா மலருக்காக 1920களின் விளம்பரங்களையும் துண்டறிக்கைகளையும் புரட்டி, விலாஸ் என்றும் பவன் என்றும் முடியும் பெயர்களோடு ஏழு ஓட்டல்களைக் கண்டுபிடித்து, அக்காலத்திலேயே இவ்வூரில் ஏழு தங்கும் விடுதிகள் இருந்தன என்று பெருமை பொங்க எழுதினேன். மலர் வெளியான அன்று மாலை, அந்த ஏழில் ஒன்றை நடத்தியவரின் மகன், எண்பதைக் கடந்தவர், என்னை அருகில் அழைத்து உட்காரவைத்தார். "தம்பி, எங்க அப்பா கடையில இருந்தது ரெண்டு பெஞ்சு, ஒரு கல்லாப்பெட்டி, பின்னால அடுப்பு. இதுல யாரைப் படுக்கவெச்சோம்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். 500 படிகளுக்கும் திருத்தச் சீட்டை என் செலவில் அச்சடித்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினேன்.

தமிழில் ஓட்டல் என்பது அன்றும் சாப்பிடும் இடம், இன்றும் பெரும்பாலும் சாப்பிடும் இடமே. புலால் உணவு கிடைத்த கடைக்கு மிலிடெரி ஓட்டல் என்று பெயர் வைத்தபோது, அங்கே படுக்கை கிடைக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த ஹோட்டல் வேறு: 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கிய ஓட்டலைப் போன்றவை, ஐரோப்பியரும் பெருஞ்செல்வரும் அறை எடுத்துத் தங்கிய இடங்கள். அந்த ஆங்கிலப் பொருளைத் தூக்கிவந்து கடைத்தெருப் பலகையில் ஒட்டுவதால்தான் இத்தனை விபரீதமும்.

நாட்டுப்புறப் பயணிக்குச் சோறு ஓரிடத்திலும் உறக்கம் வேறிடத்திலுமாகவே அமைந்தன. தெற்கத்தித் தவச வியாபாரி ஒருவரின் கணக்கு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். மதுரைக்குப் போன நாளில் "ஓட்டல் 0–2–6" என்று எழுதி, அடுத்த வரியில் தொகை எதுவும் இல்லாமல் "ராத்திரி டேஷனில்" என்று மட்டும் குறித்திருந்தார். முதல் வரியைப் படித்துவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போவதுதான் என் தவறாகவும் இருந்தது. சத்திரத்துத் தாழ்வாரம், உறவினர் வீட்டுத் திண்ணை, வண்டிப்பேட்டையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் தன் வண்டிக்கு அடியில் விரித்த சாக்கு, ரயில் நிலைய மேடை ஆகியவையே அவர்களுடைய விடுதிகள். சாப்பாடும் அறையும் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது நம்மவரிடையே பரவியது பிற்பாடுதான், கே. கிருஷ்ண ராவ் 1938இல் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அதற்கு முந்தைய ஓட்டல் ஒன்றை விடுதி என்று எழுத விரும்பினால், அறை வாடகையைச் சொல்லும் ஒரு வரியையாவது விளம்பரத்தில் காட்டுங்கள்.

கிளப்

காப்பி கிளப்பும் கிளப்புக்கடையும் சாப்பாட்டுக் கடைகள். அங்கே யாரும் சீட்டாடவில்லை.

சவுல்ட்ரி எல்லாம் சத்திரமன்று

ஆங்கில ஆவணத்தில் சவுல்ட்ரி என்று கண்டவுடன் சத்திரம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அந்தச் சொல் சாவடியோடு உறவுடையது. கம்பெனி காலச் சென்னையில் வழக்கு விசாரித்த நீதிமன்றத்துக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் மணேகர் சவுல்ட்ரி எனப்பட்ட மணியக்காரர் சத்திரமோ 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்ததும் அதனால்தான். எனக்கு வந்த கட்டுரை ஒன்றில், கல்யாணத்துக்கு வந்த குடும்பம் அங்கே மூன்று நாள் சுகமாகத் தங்கியிருக்கிறது.

ரயிலை மறப்பது

இராமேசுவரம் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் நெடுஞ்சாலையோரம் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி 1802இல் எழுப்பியது. ஆனால் தண்டவாளம் வந்து, 1914இல் பாம்பன் பாலமும் திறந்தபின், நடந்துபோவோரின் கூட்டம் சாலையைவிட்டு நிலையங்களுக்கு நகர்ந்தது. சென்னையில் சென்ட்ரலுக்கு அருகில் ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரமும், மதுரையில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரமும் நிரம்பியதற்குக் காரணம் இடம்தான். 1925இல் நடக்கும் கதையில் எல்லோரையும் சாலைச் சத்திரத்தில் இறக்கிவிடாதீர்கள்.

முசாபரி பங்களா

சுற்றுப்பயண அதிகாரிகளுக்கானது. குடியானவரை அங்கே தங்கவைக்காதீர்கள்.

கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததாக எழுதுவது

தருமம் என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிடுகிறோம். யாருக்கு உள்ளே இலை போடுவது, யாருக்கு அரிசி பருப்பை மட்டும் அளந்து கொடுத்து வெளியே சமைத்துக்கொள்ளச் சொல்வது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்பதைப் பல சத்திரங்களில் சாதியே முடிவுசெய்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுக்கூடங்களிலேகூடப் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் 1938இல், ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது இருந்த குடியியல் தடைகளை நீக்க ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்பதை வைத்து, அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். "வழிப்போக்கர் யாவரும் பசியாறினர்" என்று எழுதுமுன், அந்த அறக்கட்டளையின் சாசனத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அணா, பை

அந்த வியாபாரியின் நோட்டில் இருந்த 0–2–6 என்பது இரண்டு அணா ஆறு பை. அணாவுக்கு 12 பை, ரூபாய்க்கு 16 அணா. நயா பைசா வந்ததே 1957இல்தான். "26 காசுக்கு வயிறாரச் சாப்பாடு" என்று தொடங்கும் கட்டுரை இப்போது என் மேசைமேல் இருக்கிறது.