வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் பூவேலை: நிழல் தையலிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைக்கும்போது நிறம் கைகொடுக்காது. மேடு, துளை, நிழல் ஆகிய மூன்றும்தான் பூவைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். லக்னோவின் ‘சிக்கன்’ (chikan) எனும் பூவேலையில் மூன்றும் சேர்ந்தே வரும். அயர்லாந்தின் மவுண்ட்மெலிக் வேலை தடித்த பருத்தித் துணியில் மேட்டையே நம்புகிறது. நார்வேயின் ஹார்டாங்கர் வேலையில் இழைகளை எண்ணித் தைத்து, இடையிலுள்ள சிலவற்றை வெட்டி உருவிவிடுவார்கள். பினாங்கில் நாம் காணும் நியோன்யா கெபாயா என்ற மேல்சட்டையின் துளைவேலையும் இவற்றுக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் அது பெரும்பாலும் இயந்திரத்தில் வண்ண நூலால் தைக்கப்படுவது.

புதிதாகக் கற்பவர்களுக்கு நிழல் தையலே ஏற்றது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலோ துணி வாங்கும்போது, மெல்லிய பருத்தி ‘வாயில்’ (voile) அல்லது மல்மல் துணியைக் கேட்டு, அடியில் கையை வைத்துப் பாருங்கள். விரல்கள் தெரிந்தால்தான் நிழலும் தெரியும். துணியை முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிடுங்கள். பிறகு நீரில் கரையும் நீலப் பேனாவால் ஓர் இலையை வரையுங்கள். கோடு முழுவதும் நீரில் போகும்வரை இஸ்திரிப் பெட்டி அதன்மேல் படக்கூடாது, சூடு பட்டால் கறை நிலைத்துவிடும்.

ஆறிழை நூலிலிருந்து ஓரிழையை மட்டும் பிரித்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இலையின் நுனியில் தொடங்கி, மேல்கோட்டில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டரில் ஒரு பின்தையல் (ஊசியைப் பின்னோக்கிக் குத்தும் தையல்) போட்டு, ஊசியைத் துணிக்கு அடியாகவே கொண்டுபோய்க் கீழ்க்கோட்டில் அதே அளவில் ஒன்று போடுங்கள். இப்படி மாறி மாறித் தைக்கும்போது பின்புறத்தில் நூல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ள, முன்புறத்தில் இரண்டு மெல்லிய கோடுகளும், அவற்றுக்கிடையே பால்நிறத்தில் ஒரு நிழலும் எழும். நூலை இறுக்கினால் துணி சுருங்கி அந்த நிழலே கெட்டுவிடும். பூவின் நடுவில் சில முடிச்சுத் தையல்கள் போதும்.

குழந்தைச் சட்டை, ஜிப்பாவின் கழுத்துப்பட்டி, மெல்லிய சேலையின் ஓரம் ஆகியவற்றுக்கு இது மிகவும் பொருந்தும். அடிக்கடி துவைக்கும் தலையணை உறைக்கோ மேட்டுத் தையலே உறுதியானது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைதான் இவ்வேலைக்குப் பெரிய எதிரி. கையைக் கழுவித் துடைத்த பின்பே உட்காருங்கள். எழும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். முடிந்த துணியைக் கெட்டியான துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்தால் மேடுகள் நசுங்கா. கஞ்சி பூச்சிகளை வரவழைக்கும் என்பதால், கஞ்சி போடாமலேயே பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.