வேர்ட் ஃபைலைத் திறந்தாலே கம்ப்யூட்டர் திணறுகிறதா? முதலில் ஃபைலுக்குள் பாருங்கள்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஆய்வேடு, குடும்ப வரலாறு, நினைவு மலர், நாவல் என்று பலரும் எழுதிய வேர்ட் ஃபைல்கள் என் மடிக்கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) உள்ள சாதாரண மடிக்கணினிதான். ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர நேரமாகிறது, பக்கத்தை உருட்டினால் வெள்ளையாக நின்றுவிடுகிறது, விசிறி இரைகிறது, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று விழுகிறது. இப்படித் தவித்துப்போய் என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "பக்கம் அதிகமாயிடுச்சு, புது கம்ப்யூட்டர் வாங்கணுமா?"

அவசரப்பட்டு வாங்காதீர்கள். வெறும் எழுத்து மட்டும் என்றால் சில நூறு பக்கங்கள் பழைய கம்ப்யூட்டருக்குக்கூடப் பெரிய சுமை இல்லை. நாற்பது பக்க ஃபைல் திணறும், நானூறு பக்க நாவல் சரளமாக ஓடும். எத்தனை பக்கம் என்பதைவிட, அந்தப் பக்கங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதையும் தொடுவதற்கு முன் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். பென் டிரைவிலோ இணையத்தோடு ஒத்திசைகிற ஃபோல்டரிலோ இருந்தால், நகலைக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் எழுத எழுதப் பின்னால் ஆட்டோசேவ் மேலேற்றிக்கொண்டே இருப்பதும் ஒரு சுமைதான். சில நேரம் இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து, வேர்டில் ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து நாலு வரி தட்டிப் பாருங்கள். அதுவும் இழுத்தால் உங்கள் ஃபைல்மீது குற்றமில்லை. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும். அதில் நன்றாக ஓடினால், பெரும்பாலும் கூடுதலாகப் போட்டுவைத்த ஏதோ ஒரு ஆட்-இன்தான் காரணம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

வெற்று ஆவணம் நன்றாக ஓடி, உங்கள் ஃபைல் மட்டும் திணறுகிறதா? அதைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி நிரம்பி, டிஸ்க்கும் நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால், ராமில் இடம் போதாமல் கம்ப்யூட்டர் டிஸ்க்கை ராம்போலப் பயன்படுத்துகிறது என்று பொருள். அப்போது என் முதல் சந்தேகம் படங்கள்மேல். மெமரி தாராளமாக இருந்து, கணக்குப் போடும் சிப்பான சிபியூ மட்டும் உச்சியில் நின்றால், வேர்ட் எதையோ ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது: அட்டவணை, எழுத்துப்பிழை சோதனை, திருத்தக் குறிகள் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். பட்டியலில் வேர்டைவிட பிரவுசர் அதிகம் தின்றுகொண்டிருந்தால், முதலில் பிரவுசரை மூடுங்கள்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு வரும் கனமான ஃபைல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

டாக்எக்ஸ் (.docx) என்று முடியும் ஃபைல் உண்மையில் பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் (.zip) மூட்டை. 2007 வேர்டிலிருந்து இதுதான் வழக்கமான வடிவம். நகலின் பெயரில் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றுங்கள். பெயரின் அந்தப் பகுதி தெரியவில்லை என்றால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் அதைக் காட்டச் சொல்லலாம். பிறகு திறந்து, உள்ளே 'வேர்ட்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' என்று போனால் ஆவணத்தில் உள்ள படங்களெல்லாம் வரிசையாக இருக்கும். அளவுவாரியாக அடுக்கிப் பாருங்கள். குற்றவாளி முதல் வரியிலேயே நிற்பார்.

ஒரு குடும்ப வரலாற்று ஃபைலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் தெரிந்தது ஒரு பாட்டியின் முகம், தபால்தலை அளவுக்கு. மீடியா ஃபோல்டரில் அந்தப் படத்தைத் திறந்தால் முழுக் கல்யாண வீடே நிற்கிறது: மணமக்கள், இரண்டு வரிசை உறவினர்கள், ஓரத்தில் ஓடும் ஒரு குழந்தை. உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்த குரூப் போட்டோவை வேர்டுக்குள் போட்டு, கிராப் செய்து, மூலையைப் பிடித்துச் சுருக்கியிருக்கிறார்கள். வேர்டில் கிராப் செய்தால் மற்றவர்கள் மறைகிறார்களே தவிர, போய்விடுவதில்லை. ஃபைலைப் பெறுகிறவர் யாராக இருந்தாலும் அதைத் திரும்ப விரித்துப் பார்க்க முடியும். அடையாள அட்டைகளின் படத்தை கிராப் செய்து அனுப்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்குவதும் அப்படித்தான். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள செல்போன் படம், சுருக்கிச் சேமித்த ஜேபெக்காக நாலைந்து எம்பிதான் இருக்கும். திரையில் காட்ட அதை விரிக்கும்போது 1 கோடியே 20 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஆக ஏறக்குறைய 48 எம்பி. அப்படி முப்பது படம் உள்ள ஃபைலை வேகமாக உருட்டினால் ராம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

தீர்வு எளிது. ஜிப் என்று மாற்றிய பெயரை மறுபடி டாக்எக்ஸ் ஆக்கி, வேர்டில் திறங்கள். ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்கினால் மேலே பிக்சர் ஃபார்மட் என்ற தாவல் வரும். அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், 'கிராப் செய்த பகுதிகளை நீக்கு' என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். திரையில் படிக்க 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) போதும். வீட்டு பிரின்டரில் அச்சிட 220. அச்சகத்துக்குப் போகிற புத்தகம் என்றால், மூலப் படங்களைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்துவிட்டு, எழுதும் ஃபைலில் மட்டும் சுருக்குங்கள். ஓகே கொடுத்து, சேமித்து, வேர்டை மூடித் திறங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஜிப்பைத் திறந்தது திறந்ததாக, மீடியாவுக்குப் பக்கத்தில் 'எம்பெடிங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எக்செலிலிருந்து ஒரு சின்ன அட்டவணையைப் பொருளாக ஒட்டினால், முழு ஒர்க்புக்கும் அதனுள் வந்து உட்கார்ந்திருக்கும். வேர்டில் அந்தப் பொருளை எடுத்துவிட்டு சாதாரண அட்டவணையாக ஒட்டுங்கள்.

சரி, சிபியூ திணறும் ஃபைல்களுக்கு வருவோம். தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது எழுத்துப்பிழை சோதனையில். தமிழ் வரிகளை ஆங்கிலம் என்று வேர்ட் எடுத்துக்கொண்டால், சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே போகும். பெரிய ஃபைலில் இனி கோடு போட முடியாத அளவுக்குப் பிழைகள் என்று ஒரு செய்தியே வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ, லாங்குவேஜ் வழியாகப் போய் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள், அல்லது 'எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம்' என்ற பெட்டியில் டிக் போடுங்கள்.

திருத்தக் குறிகள் அடுத்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ட்ராக் சேஞ்சஸ் போட்டு நாலு பேர் கைமாறிய ஆய்வேட்டில், அழித்த வரிகளும் அழியாமல் உள்ளேயே கிடக்கின்றன. 'நோ மார்க்அப்' என்று வைத்தால் கண்ணுக்குத் தெரியாதே தவிர, சுமை குறையாது. எல்லோரும் ஒப்புக்கொண்ட அத்தியாயங்களில் மாற்றங்களை ஏற்றுக்கொண்டுவிடுங்கள். பழைய குறிகள் தேவைப்பட்டால் மூல ஃபைல் இருக்கிறதே.

பல பக்கங்களுக்கு நீளும் ஒரே அட்டவணையும் வேர்டை வாட்டும். உள்ளடக்கத்துக்கு ஏற்ப நெடுவரிசையின் அகலம் தானாக மாறும்படி வைத்திருந்தால், ஒரு கட்டத்துக்குள் ஒரு சொல் சேர்த்தாலும் மொத்த அட்டவணையையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டியிருக்கும். டேபிள் ப்ராபர்ட்டீஸ், ஆப்ஷன்ஸ் என்று போய் அந்தத் தானியங்கி அளவை நிறுத்துங்கள். முடிந்தால் அட்டவணையை இரண்டு மூன்றாக உடையுங்கள். இணையப் பக்கங்களிலிருந்து எடுப்பதை எழுத்தை மட்டும் எடுக்கும் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' முறையில்தான் ஒட்ட வேண்டும். நேரடியாக ஒட்டினால் அட்டவணைக்குள் அட்டவணை, கண்ணுக்குத் தெரியாத சட்டங்கள் எல்லாம் சேர்ந்தே வரும்.

இவை எதுவும் இல்லை, ஆனாலும் ஃபைல் இழுக்கிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கலாம். ஃபைலின் கடைசிப் பத்திக் குறியில் நிறைய வடிவமைப்புத் தகவல் தங்கியிருக்கும். அதனால் அந்த ஒரு குறியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நகலெடுத்துப் புது ஆவணத்தில் ஒட்டுங்கள். ஆவணத்தின் தொடக்கத்துக்குப் போய், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எண்ட் அழுத்தி, அப்புறம் ஷிஃப்ட்டோடு இடது அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் கடைசிக் குறி தேர்விலிருந்து விலகிவிடும். அதிலும் சரியாகவில்லையா? முதல் பாதியை ஒரு ஃபைலாகவும் மறுபாதியை இன்னொரு ஃபைலாகவும் சேமியுங்கள். எது இழுக்கிறதோ அதை மறுபடி இரண்டாக்குங்கள். இப்படிப் போனால் சீக்கிரமே ஒரு பக்கத்தில், சில சமயம் ஒரே ஒரு பத்தியில் வந்து நிற்பீர்கள். அதை மட்டும் திரும்பத் தட்டச்சு செய்துவிடுங்கள்.

திறக்கவே மறுக்கும் ஃபைலை, வேர்ட் ஃபைல்களைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்து வேறு பெயரில் சேமித்துப் பார்ப்பது என் வழக்கம். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், ஆனால் எழுத்து பெரும்பாலும் பிழைத்துவிடும். ஒருவர் வருஷக்கணக்கில் எழுதியதைக் காப்பாற்றும்போது பக்க அமைப்பு கலைந்தால் என்ன, அதைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

எழுதி முடிக்கும் நெருக்கடியில் இருக்கிறீர்கள், இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்றால், வியூ தாவலில் டிராஃப்ட் என்பதைச் சொடுக்குங்கள். மிதக்கும் படங்களும் பக்க ஓரங்களும் மறைந்து பக்கம் இலேசாகும், விரல் வேகத்துக்கு ஃபைல் ஈடுகொடுக்கும். படங்களை அப்புறம் கவனிக்கலாம்.

எல்லாம் செய்த பிறகும் மெமரி நிரம்பியே இருந்தால், உங்கள் கம்ப்யூட்டரில் எவ்வளவு ராம் என்று பாருங்கள். 4 ஜிபிதான் என்றால் அதைக் கூட்ட முடியுமா, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குப் பதில் வேகமான, சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க் போட முடியுமா என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். புதுக் கம்ப்யூட்டரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.