சாக்ஸபோனுக்கு சொந்தமா ட்யூன் எழுதலாம் வாங்க: மதுரைப் பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மதுரைல கல்யாண ஊர்வலம், சர்ச் பவனி, திருவிழான்னு பேண்டு செட்டு வர்ற இடத்துல எல்லாம் சாக்ஸ் சத்தம் கேட்டுருப்பீங்க. ஆனா வாசிக்கிறது பெரும்பாலும் சினிமாப் பாட்டாத்தான் இருக்கும், இந்த வாத்தியத்துக்குன்னே ஒருத்தர் உக்காந்து எழுதுன ட்யூன் காதுல விழுறது அபூர்வம். அத நீங்க எழுதலாம், அதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேணாம், ஏழு ஸ்வரம் தெரிஞ்சு தாளம் விடாம போடத் தெரிஞ்சா போதும். மத்தத வாசிக்கிற ஆளுங்க கிட்ட கத்துக்கிறதுதான் நல்ல வழின்னு நான் உறுதியா நம்புறேன்.

முதல் வேலை: ஆளத் தேடுங்க

நோட்டு வாங்குறதுக்கு முன்னாடியே இதச் செய்ங்க. ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வருஷக்கணக்கா சாக்ஸ் வாசிக்கிறவரு, பேண்டு மாஸ்டராவோ சர்ச்ல வாசிக்கிறவராவோ இருந்தா நல்லது. இன்னொருத்தர் ராகம், தாளம், ட்யூனோட கட்டமைப்பு தெரிஞ்சவரு. இந்த ரெண்டாவது ஆளுக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்ல, பசுமலைல அரசு இசைக் கல்லூரி இருக்கு, சத்குரு சங்கீத சமாஜத்துல கச்சேரி நடக்கும்போது போய் கேட்டுட்டு முடிஞ்சப்புறம் மேடைப் பக்கம் நின்னு பேசலாம். நாயனக்காரங்க, அதாவது நாதஸ்வரம் வாசிக்கிறவங்க, இருக்காங்க, சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் வாசிச்ச ஊரு இது. சாக்ஸுக்கு எழுதுறதுக்கு நாயனக்காரர் எதுக்குன்னு தோணும், அதக் கீழ சொல்றேன்.

எப்ப போறதுங்கிறதும் முக்கியம். முகூர்த்த மாசத்துல பேண்டுக்காரங்களும் நாயனக்காரங்களும் ராத்திரி பகல் பாக்காம ஓடிட்டு இருப்பாங்க, அப்பப் போய் நின்னா பாவம் அவங்களால என்ன பண்ண முடியும். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, அப்பப் போங்க. சர்ச் வாசிப்பாளர்கள்னா டிசம்பர விட்டுருங்க.

கேக்குறத தெளிவா கேளுங்க. "மாஸ்டர், நான் ஒரு எட்டு பார் எழுதிட்டு வர்றேன், நீங்க ஒரு தடவ வாசிச்சுப் பாத்து எங்க இடிக்குதுன்னு சொல்வீங்களா?" (பார்னா நோட்டுல தாளக் கணக்குக்கு கோடு போட்டுப் பிரிக்கிற ஒரு பகுதி.) இப்படிக் கேட்டா யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. "எனக்கு மியூசிக் சொல்லிக் குடுங்க"ன்னு மொட்டையா கேட்டா அவங்களுக்கே எங்க ஆரம்பிக்கிறதுன்னு புரியாது. பெரியவர் யாராவது ஒத்துக்கிட்டா முத நாள் வெத்தல பாக்கு பழத்தோட போங்க, காசு எவ்ளோன்னு கூச்சப்படாம முதல்லயே பேசிருங்க, அவங்க நேரத்துக்கு மதிப்பு இருக்கு.

அடுத்து: வாத்தியத்தப் புரிஞ்சுக்கங்க

சாக்ஸபோன் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் உருவாக்குனது, 1846ல பாரிஸ்ல பேட்டண்ட் வாங்குனாரு. ஒடம்பு பித்தளை, ஆனா சத்தம் வர்றது ஒத்த நாணல் ரீடுல இருந்து, அதனால மரக்காத்து வாத்திய வகைலதான் சேப்பாங்க. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிட்டோன்னு நாலுதான் அதிகம் பொழக்கத்துல இருக்கு. புதுசா எழுதுறவங்க ஆல்டோவுக்கு எழுதுங்க, நம்ம பக்கம் வாசிக்க ஆள் சுலபமா கிடைக்கும்.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம். ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம் (சி, டி, ஈ எல்லாம் மேல்நாட்டு ஸ்வரப் பேரு, ஃப்ளாட்னா அரைப் படி கீழ, ஷார்ப்புன்னா அரைப் படி மேல). அதாவது பேப்பர்ல "சி"ன்னு எழுதியிருக்கிறத வாசிச்சா வெளிய கேக்குறது ஈ ஃப்ளாட், நம்ம சுருதிக் கணக்குல ரெண்டரைக் கட்டை. டெனரும் சோப்ரானோவும் பி ஃப்ளாட், அதுல சி வாசிச்சா ஆறரைக் கட்டை கேக்கும். எதுக்கு இந்தக் குழப்பம்னா, எந்த சைஸ் சாக்ஸ் எடுத்தாலும் விரல் வைக்கிற முறை மாறக்கூடாதுங்கிறதுக்காக. ஆல்டோ வாசிக்கிறவரு டெனரத் தூக்குனா விரல் அப்படியே ஓடும், கணக்கு பாக்க வேண்டியது எழுதுற நம்ம வேலை. கீபோர்டுல சி மேஜர்ல ஒரு ட்யூன் போட்டீங்கன்னா ஆல்டோவுக்கு அத ஏ மேஜர்ல எழுதணும், டெனருக்கு டி மேஜர்ல. மியூஸ்ஸ்கோர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல "கான்சர்ட் பிட்ச்" (வெளிய கேக்குற ஸ்வரம்) பட்டன ஆன் பண்ணி எழுதிட்டு ஆஃப் பண்ணா அதுவே மாத்திக் குடுத்துரும். இருந்தாலும் முத ரெண்டு மூணு ட்யூன கையால மாத்தி எழுதுங்க, அப்பத்தான் மனசுல நிக்கும்.

எழுதுற அளவுக்கு எல்லை கீழ பி ஃப்ளாட்ல இருந்து மேல எஃப் வரைக்கும், ரெண்டரை ஆக்டேவ், அதாவது ரெண்டரை ஸ்தாயி. முழுசும் பயன்படுத்தாதீங்க. அடி ஸ்வரங்கள மெதுவா, சன்னமா ஊதுறது பழக்கம் இல்லாதவங்களுக்கு கஷ்டம், பொளேர்னு வெடிச்சு வரும். கீழ் டி ல இருந்து மேல ஏ வரைக்கும் வச்சுக்கங்க, அதுலயே ஏகப்பட்டது பண்ணலாம்.

இப்ப எழுதுங்க: மோகனம், ஆதி தாளம்

மோகன ராகம் எடுத்துக்கங்க, ஸ ரி க ப த, அஞ்சே ஸ்வரம். ஸ வ பேப்பர்ல சி ன்னு வச்சா சி டி ஈ ஜி ஏ, ஒரு ஷார்ப்பு ஃப்ளாட் கிடையாது. நடு ஸ்தாயிய கீழ் சி ல ஆரம்பிங்க. அப்ப ஸ மட்டும் மேல சொன்ன எல்லைக்கு ஒரு படி கீழ போகும், அத வந்து இறங்குற இடத்துல நீளமா வச்சா பயம் இல்ல. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுத்து) எட்டு எண்ணிக்கை, நாலுக்கு நாலு பார் ரெண்டு சேந்தா சரியா வந்துரும். ஒரு உதாரணம், கமா ஒரு எண்ணிக்கை நீட்டல்:

க , ப த ப , க ரி
ஸ , ரி க ப , , ,

அவ்ளோதான், ரெண்டு ஆவர்த்தனம். இப்ப இத அப்படியே திருப்பிச் சொல்லி கடைசிய மட்டும் மாத்துங்க, முத தடவ ப ல நின்னா ரெண்டாவது தடவ ஸ ல வந்து முடிங்க. கேக்குறவங்களுக்கு கேள்வியும் பதிலும் மாதிரி இருக்கும். அப்புறம் நடுவுல ஒரு பகுதி, அது மேல் ஸ பக்கம் போகட்டும், அனுபல்லவி மேல ஏறுற மாதிரியேதான். பெறகு பழையபடி முதல்ல வந்ததுக்கே வாங்க. கீபோர்டு தம்பி கூட வாசிக்கப் போறாருன்னா அவருக்கு ஈ ஃப்ளாட் மேஜர் கார்டும் சி மைனர் கார்டும் எழுதிக் குடுங்க, ஆரம்பத்துக்கு அது போதும்.

மேல ஏறும்போது ஒரு விஷயத்த பக்கத்துல இருந்து பாருங்க, முடிஞ்சா மாஸ்டர் விரல பாத்துக்கிட்டே இருங்க. மேல் ஸ, அதாவது நடு சி, இடது கை நடு விரல் ஒண்ணே ஒண்ணு. அதுக்கு அடுத்த மேல் ரி, நடு டி, ஆறு விரலும் மூடி கட்டைவிரல்ல ஆக்டேவ் கீயும் அழுத்தணும். காதுக்கு பக்கத்து பக்கத்து ஸ்வரம், கைக்கு ஒரு விரல்ல இருந்து ஏழு விரல். நீங்க பாட்டுக்கு "ஸ ரி ஸ ரி ஸ ரி"ன்னு வேகமா எழுதி வச்சீங்கன்னா புதுசா வாசிக்கிறவரு அங்கதான் தடுக்கி விழுவாரு. அனுபவம் உள்ளவங்க உள்ளங்கை கீய வச்சு ஒரு மாத்து வழி வச்சிருப்பாங்க, கேட்டு வாங்கிக்கங்க, ஆனா முத ட்யூன்ல அந்த இடத்த மெதுவா கடக்குற மாதிரி எழுதுங்க. கம்ப்யூட்டர்ல ப்ளே பண்ணிப் பாத்தா இது தெரியவே தெரியாது, அதுக்கு விரலும் இல்ல மூச்சும் இல்ல.

மூச்சுன்னதும் சொல்லிர்றேன். நிமிஷத்துக்கு 60 எண்ணிக்கை வேகத்துல நாலு பார் மூச்சு விடாம எழுதுனா அது 16 செகண்டு, ஆரம்ப நிலைல உள்ளவங்களுக்கு நுரையீரல் தாங்காது. 90 வேகம்னா அதே நாலு பார் பதினோரு செகண்டுக்குள்ள வந்துரும். ரெண்டு பாருக்கு ஒரு தடவ மூச்சுக்கு எடம் விட்டு கோட்டுக்கு மேல ஒரு கமா போடுங்க. நீங்களே எழுதுனத வாயால பாடிப் பாருங்க, உங்களுக்கு எங்க முட்டுதோ அவங்களுக்கும் அங்கதான் முட்டும்.

நாயனக்காரர் எதுக்குன்னு சொன்னேன்ல

நாயனத்துல துளைய விரலால பாதி மூடி கமகம், அதாவது ஸ்வரத்தோட அசைவ, கொண்டு வரலாம். சாக்ஸ்ல கீயும் பேடும் இருக்கிறதால விரல் நேரா துளை மேல படாது, அதனால அசைவெல்லாம் உதடு, தாடை, தொண்டைல இருந்துதான் பெரும்பாலும் வரணும். ஸ்வரத்த கீழ வளைக்கிறது சுலபம், மேல தூக்குறது கஷ்டம். கத்ரி கோபால்நாத் நாயனக் குடும்பத்துல இருந்து வந்தவரு, மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸ் கேட்டு ஆசப்பட்டு ஆல்டோவ எடுத்து கர்நாடக சங்கீதத்த அதுல முழுசா கொண்டு வந்தாரு, அவர் ரெக்கார்டிங்க ஒக்காந்து கேளுங்க, ஒரு ஸ்வரத்துக்குள்ள எப்படி சறுக்கி வர்றாருன்னு மட்டும் கவனிங்க. அதக் கேட்டுட்டு நாயனக்காரர் கிட்ட உங்க ட்யூன பாடிக் காட்டி "ஐயா, இதுல எந்த ஸ்வரத்த அசைக்கணும், எத நேரா நிறுத்தணும்"னு கேளுங்க. துத்துகாரம் (நாக்கால தட்டிப் பிரிச்சு ஊதுறது) எங்க, எங்க சேத்து ஊதணும்னும் அவர் சொல்வாரு, சாக்ஸ்லயும் நாக்க ரீடுல தட்டித்தான் ஸ்வரத்தப் பிரிக்கிறோம், அந்த அறிவு அப்படியே ஒதவும். பேப்பர்ல சேத்து ஊதுறதுக்கு வளைவு கோடு, தட்டுறதுக்கு கோடு இல்லாம விட்டுருங்க.

மாஸ்டர் முன்னாடி உக்காரும்போது

பேப்பர் ரெண்டு காப்பி, ஒரு பென்சில். போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, ஆனா போன பெல்லு வாய்க்குள்ள திருப்பி வைக்காதீங்க, சாக்ஸ் சத்தம் உடம்பு முழுக்க இருக்கிற துளைகள்ல இருந்தும்தான் வருது, ஆறு ஏழு அடி தள்ளி வச்சா நல்லா விழும். அவர் வாசிக்கும்போது குறுக்கால பேசாதீங்க. தடுக்குற எடத்துல பென்சில்ல வட்டம் போடுங்க, அவரே அறியாம மாத்தி வாசிக்கிற எடத்துல ரெண்டு வட்டம் போடுங்க, ஏன்னா அனுபவசாலி விரல் தானா போற வழி பல நேரம் நீங்க எழுதுனத விட அழகா இருக்கும். எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு இல்ல. "இது கஷ்டமா இருக்கு"ங்கிறதும் "இது எனக்குப் பிடிக்கல"ங்கிறதும் வேற வேற, முதல்ல சொன்னத கண்டிப்பா திருத்துங்க, ரெண்டாவது சொன்னத வீட்டுக்கு வந்து கேட்டுப் பாத்து நீங்க முடிவு பண்ணுங்க, ட்யூன் உங்களோடது.

பழைய பேப்பர கிழிச்சுப் போட்டுராதீங்க, மேல தேதி போட்டு ஃபைல்ல வைங்க. திருத்துன காப்பிய ஒரு வாரத்துக்குள்ள கொண்டு போய் காட்டுங்க, அப்பத்தான் அவருக்கும் ஞாபகம் இருக்கும். எட்டு பார் நல்லா வந்ததும் பதினாறாக்குங்க, அதுக்கப்புறம் அதே ட்யூன ஸ வ பேப்பர்ல சி லயே வச்சு டெனருக்கு எழுதிப் பாருங்க, அங்க ஸ வேற கட்டைல கேக்கும், குரலும் தடிப்பா இருக்கும், சில எடத்துல வேகத்தக் கொறைக்க வேண்டி வரலாம், அதையும் மாஸ்டர் கிட்டயே வாசிக்கக் குடுங்க.