ஹேஸ்மேட் ஓட்டப் போகிறீர்களா? கைரேகைக்கு முன் பெயரைச் சரிபாருங்கள்

அமெரிக்காவில் ஹேஸ்மேட், அதாவது எச்சரிக்கைப் பலகை மாட்டவேண்டிய அபாயகரமான சரக்கை ஏற்ற, சி.டி.எல். எனும் வணிக வாகன ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. உரிமத்தில் 'எச்' அனுமதி வேண்டும். பெட்ரோல் டேங்கருக்கு 'எக்ஸ்'. வயது 21 ஆகியிருக்க வேண்டும். பின்னணிச் சோதனை டி.எஸ்.ஏ. எனும் மத்திய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பு.

குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி அந்தஸ்து, புகலிடம் பெற்றவர்கள் டி.எஸ்.ஏ. சோதனைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையிலிருந்து வந்து புகலிட மனு நிலுவையில் இருக்கிறதா? வெறும் வேலை அனுமதி அட்டையை நம்பிப் பணம் கட்டாதீர்கள், திரும்பக் கிடைக்காது.

முதல்முறை எடுப்பவர்களுக்கு 2022 பிப்ரவரி 7 முதல் பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் பாடம் கட்டாயம். டி.எம்.வி. எனும் மாநில வாகன உரிம அலுவலகத்தின் எழுத்துத் தேர்வில் 30க்கு 24 சரியாக இருக்க வேண்டும். டி.எஸ்.ஏ. சோதனைக்கான கைரேகைக்குச் சுமார் 85 டாலர். தேர்வா, கைரேகையா, எது முதலில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எப்படியும் அனுமதி தேவைப்படும் நாளுக்கு 60 நாள் முன்னதாகவே தொடங்குங்கள்.

நம்மவர்களைப் படுத்துவது பெயர்தான். கிரீன் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், உரிமத்தில் வெறும் 'எம்.' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் விசாவில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) ஒட்டிக்கொள்ளும், அது அடுத்த அட்டைக்கும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். கிரீன் கார்டையும் உரிமத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பொருந்தாவிட்டால் முதலில் டி.எம்.வி.யில் உரிமத்தைத் திருத்துங்கள்.

வேகத்துக்கு வாங்கிய டிக்கெட்டை டி.எஸ்.ஏ. பார்ப்பதில்லை, அது கம்பெனி பார்ப்பது. போதைப்பொருள் விற்பனை, கொள்ளை, கடத்தல் போன்ற பெருங்குற்றங்களில் 7 ஆண்டுக்குள் தண்டனையோ, 5 ஆண்டுக்குள் சிறையிலிருந்து விடுதலையோ இருந்தால் தடை. கொலை, பயங்கரவாதம், உளவு போன்றவற்றுக்குக் கால வரம்பே கிடையாது.

அப்படியொரு வழக்கில் கைதாகி, தண்டனை இல்லாமல் முடிந்திருந்தாலும் கவனம் தேவை. முடிவு பதிவில் ஏறாமல் கிடந்தால் "தகுதியில்லை" என்று முதல்கட்டக் கடிதம் வரும். பதறவேண்டாம், அது இறுதி முடிவல்ல. நீதிமன்ற எழுத்தரிடம் முத்திரையிட்ட தீர்ப்பு நகல் வாங்கி 60 நாளுக்குள் அனுப்புங்கள். பதில் போகாவிட்டால் அதுவே இறுதியாகிவிடும். நீங்கள் நெடுந்தூர ஓட்டத்தில் இருக்கையில் கடிதம் தபால்பெட்டியில் கிடக்கும். அதனால் வீட்டில் ஒருவர் தினமும் பெட்டியைத் திறந்து, டி.எஸ்.ஏ. உறை வந்தால் அன்றே படம்பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும்.