கொலம்பஸைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வாங்க: இந்தியானாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வீடு தேடும் இணையதளமான ஜில்லோவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் குடியேற்ற நிலையை எழுதிக்கொள்ளுங்கள். எச்-1பி-யா, எச்-4-ஆ, கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தரும் வேலை அனுமதி அட்டையா, கிரீன் கார்டா, குடியுரிமையா? கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இங்குள்ள கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) உங்களுக்கு எந்த வீட்டுக்கடன் கிடைக்கும் என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் இதுதான் தீர்மானிக்கிறது. அடுத்தது நிலம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, எத்தனை ஏக்கர் என்பது. வட்டி மூன்றாவதாகத்தான் வரும். நம் ஆட்களோ பெரும்பாலும் வட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நான் சொல்வது இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ். ஒஹாயோவில் இருப்பது வேறு ஊர். 1919-ல் இங்கே தொடங்கிய கம்மின்ஸ் நிறுவனத்தை நம்பித்தான் நம்மில் பலர் இந்தப் பக்கம் வந்தோம். கொஞ்சம் விசாலமான இடம் வேண்டும், தோட்டம் போட வேண்டும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் காலாற நடக்க வேண்டும் என்று நினைக்கும்போது கண் சுற்றுவட்டாரக் கவுண்டிகள் பக்கம் போகும். 7-ம் எண் மாநிலச் சாலையில் தென்கிழக்கே போனால் ஜென்னிங்ஸ் கவுண்டியின் நார்த் வெர்னன். 46-ல் மேற்கே போனால் பிரவுன் கவுண்டியின் நாஷ்வில். அதே 46-ல் கிழக்கே போனால் ஹோண்டா ஆலை இருக்கும் கிரீன்ஸ்பர்க். மூன்றுமே தினமும் காரில் வேலைக்குப் போய்வரக்கூடிய தூரம்தான்.

விசாவில் இருப்பவர்களுக்கு

முன்பெல்லாம் எச்-1பி-யில் இருப்பவர்களும், குறைந்த முன்பணத்தில் அரசுக் காப்பீட்டோடு வரும் எஃப்.எச்.ஏ. கடன் வாங்க முடிந்தது. 2025 மே 25 முதல் அது நின்றுவிட்டது. நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களுக்கு இனி அந்தக் கடன் கிடையாது. "நான் எச்-1பி-யில் இருக்கும்போதே மூன்றரை சதவீதம் முன்பணம் கட்டி வாங்கினேன்" என்று நண்பர் சொன்னால் அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது பழைய விதி. பழைய யூடியூப் வீடியோக்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விவசாயத் துறையான யு.எஸ்.டி.ஏ. கிராமப்புறத்துக்கென்றே வைத்திருக்கும் கடனைப் பொறுத்தவரை, வேலை விசா அதற்கு எப்போதுமே போதாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதும் போதாது.

மிச்சம் இருப்பது கன்வென்ஷனல் கடன். அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வங்கிக் கடனுக்கு இங்கே அந்தப் பெயர். இந்தக் கடன்களைப் பெரும்பாலும் பின்னால் வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு நிறுவனங்களும், சட்டப்படி இங்கே வசித்து வேலை பார்க்கும் விசாக்காரர்களுக்கும் குடிமக்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளில் கடன் தரலாம் என்கின்றன. முதல் வீடு வாங்குபவருக்கு முன்பணம் 3 சதவீதம் வரை இறங்கும். ஆனால் கடன் தரும் ஒவ்வொரு லெண்டரும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்ப்பார். விசா முடிய ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் தயங்குகிறவர்கள் உண்டு. ஒருவர் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், அடுத்தவரிடம் போங்கள். குடியேற்றத் துறை ஒப்புதலான ஐ-797, நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94, கடந்த இரண்டு வருடச் சம்பள வரிச் சான்றான டபிள்யூ-2, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் பி.எம்.ஐ. என்ற காப்பீட்டுத் தொகை மாதத் தவணையோடு சேரும். அது நிரந்தரம் இல்லை. கடன் பாக்கி, வாங்கியபோதிருந்த வீட்டு மதிப்பில் 80 சதவீதமாக இறங்கியதும் நீக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம். தவணை தவறாமல் கட்டிவந்தால் 78-ல் அவர்களாகவே நீக்க வேண்டும் என்பது 1998-ம் வருடச் சட்டம்.

கிரீன் கார்டுக்காகக் காத்திருந்துதான் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழிக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் வேலை போனால் எச்-1பி-க்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான், கிராமப்புற வீடு அந்த 60 நாளில் விற்றுவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே பெரிய நிறுவனத்தைச் சார்ந்த ஊரில் ஆட்குறைப்பு வந்தால் பல வீடுகள் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வரும். அதனால் முன்பணம், க்ளோஸிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்) செலவு எல்லாம் போக ஆறு மாதத் தவணையாவது கையில் மிஞ்சினால்தான் விசாவில் இருப்பவர்கள் வாங்க வேண்டும். மிஞ்சவில்லையா, இன்னும் ஒரு வருடம் வாடகையிலேயே இருங்கள்.

பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்ற ஜே-1 விசா நிபந்தனையிலிருந்து விலக்கு பெற்று மூன்று வருட ஒப்பந்தத்தில் சிறு ஊர் மருத்துவமனைக்கு வரும் மருத்துவர்களுக்கென்றே சில வங்கிகள் பி.எம்.ஐ. இல்லாத கடன் தருகின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் ஊரை விட்டுப் போகும் எண்ணம் இருந்தால் வாடகைதான் நல்லது.

கிரீன் கார்டு வந்தவர்களுக்கு

இங்கேதான் கிராமப்புறத்துக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. யு.எஸ்.டி.ஏ.வின் உத்தரவாதக் கடனுக்கு முன்பணமே தேவையில்லை. கடன் தருவது சாதாரண வங்கி, உத்தரவாதம் தருவது அரசு. முப்பது வருடம், மாறாத வட்டி. தகுதியான பகுதி எது என்பது யு.எஸ்.டி.ஏ. இணையதள வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். நீங்களே குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். பிரவுன் கவுண்டியில் மரக்கட்டை வீடு வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணத்துக்கு இது ஆகாது.

வருமான உச்சவரம்பு உண்டு, நம் குடும்பங்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். 2025-ல் பெரும்பாலான கவுண்டிகளுக்கு நான்கு பேர் வரையுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,19,850 டாலர், ஐந்து முதல் எட்டுப் பேர் என்றால் 1,58,250 டாலர் என்று வைத்திருந்தார்கள். கடனில் கையெழுத்துப் போடுகிறவரின் சம்பளத்தை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் அனைவரின் வருமானத்தையும் கூட்டுகிறார்கள். மனைவியும் வேலை பார்த்தால், அவர் பெயர் கடனில் இல்லாவிட்டாலும் அவர் சம்பளம் கணக்கில் வரும். இருவரும் பொறியாளர்கள் என்றால் வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் வீடுகளுக்கு, ஆசிரியர்களுக்கு, ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். குழந்தைகளுக்கும், சிறு பிள்ளைகளின் பகல் காப்பகச் செலவுக்கும் கழிவு உண்டு. வரம்பை ஒட்டி நிற்பவர்கள் அதைக் கேட்காமல் விடாதீர்கள்.

2,40,000 டாலர் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யு.எஸ்.டி.ஏ.வில் முன்பணம் இல்லை. உத்தரவாதக் கட்டணம் 1 சதவீதத்தைக் கடனிலேயே சேர்த்தால் கடன் 2,42,400. வட்டி ஆறரை என்று வைத்துக்கொண்டால் அசலும் வட்டியுமாக மாதம் சுமார் 1,532. ஆண்டுக் கட்டணம் 0.35 சதவீதம், மாதம் சுமார் 70. சொத்துவரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் 330 என்று எடுத்தால் மொத்தம் 1,930-ஐ ஒட்டி வரும். வீட்டுச் செலவு மாத வருமானத்தில் 29 சதவீதத்துக்குள்ளும், கார் கடன் உட்பட எல்லாக் கடனும் 41 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆக ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலர் சம்பாதிக்கும் ஒருவர் இந்த வீட்டை வாங்கலாம். அதே வீட்டுக்கு எஃப்.எச்.ஏ. என்றால் முன்பணம் 8,400. தொடக்கக் காப்பீடு 1.75 சதவீதம், மாதக் காப்பீடு நூறு டாலருக்கு மேல். முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த மாதக் காப்பீடு கடன் தீரும்வரை போகாது. யு.எஸ்.டி.ஏ. கிடைக்காத, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோரும் 600-ஐ ஒட்டியே இருக்கிற கிரீன் கார்டுக்காரர்களுக்கு மட்டுமே எஃப்.எச்.ஏ.வைச் சொல்வேன்.

வருமானம் இன்னும் குறைவாக இருப்பவர்களுக்கு யு.எஸ்.டி.ஏ.வே நேரடியாகத் தரும் கடன் ஒன்று உண்டு. மானியத்தோடு வட்டி 1 சதவீதம் வரை இறங்கும்; தவணைக்காலம் 33 வருடம், சிலருக்கு 38. பிற்பாடு வீட்டை விற்கும்போது அந்த மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். இது தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

யு.எஸ்.டி.ஏ. கோப்பு வங்கியில் முடிந்த பிறகு அரசு அலுவலகத்துக்கும் போய்வர வேண்டும், அதனால் க்ளோஸிங் தேதியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 2025 அக்டோபரில் நடந்ததுபோல மத்திய அரசு முடங்கினால் ஒப்புதலும் நின்றுவிடும்.

நிலம் சொல்வதைக் கேளுங்கள்

நகரத்து வீட்டுக்குக் கடன் தருகிறவர் உங்களைப் பார்ப்பார். கிராமத்து வீடென்றால் தரையையும் சேர்த்துப் பார்ப்பார். பல வீடுகளுக்குத் தனிக் கிணறும் செப்டிக் டேங்கும்தான். அரசுக் கடன்களில் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை கேட்பார்கள். கிணற்றுக்கும் செப்டிக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்றும் பார்ப்பார்கள். பழைய பண்ணை வீடுகளில் இந்த இடைவெளி போதாமல் ஒப்பந்தம் முறிவதுண்டு. சாதாரண வீட்டு இன்ஸ்பெக்‌ஷனில் செப்டிக் சேராது, தனியாக ஆள் வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கவுண்டி சுகாதாரத் துறையில் அதன் அனுமதிப் பதிவைக் கேளுங்கள், அனுமதியில் எத்தனை படுக்கையறை என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. காலி மனை வாங்கி வீடு கட்ட நினைத்தால் முதலில் மண் ஆய்வு. இங்குள்ள களிமண்ணில் செப்டிக்குக்கு அனுமதி கிடைக்காத மனைகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன, ஏன் மலிவு என்று விளம்பரத்தில் எழுதியிருக்காது.

வீட்டுக்கு மதிப்புப் போடும் அப்ரைசலும் இங்கே தலைவலிதான். பக்கத்தில் சமீபத்தில் விற்ற ஒரே மாதிரி வீடுகளை வைத்துத்தான் மதிப்புப் போடுவார்கள். பத்து ஏக்கரில் நிற்கும் மரவீட்டுக்கு இணை எங்கே கிடைக்கும்? மதிப்பு குறைவாக வந்தால் வித்தியாசத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். அதனால் ஒப்பந்தத்தில், மதிப்பு குறைந்தால் விலகிக்கொள்ளலாம் என்ற அப்ரைசல் நிபந்தனையை எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஏக்கர் அதிகமான இடங்களுக்குப் பெரிய இணைய லெண்டர்கள் பின்வாங்கும்போது உள்ளூர் வங்கிகள், கிரெடிட் யூனியன்கள், விவசாயிகளின் கூட்டுறவான ஃபார்ம் கிரெடிட் மிட்-அமெரிக்கா ஆகியவற்றை அணுகுங்கள். கடனை விற்காமல் தாங்களே வைத்துக்கொள்வதால் இவர்களால் கொஞ்சம் வளைந்துகொடுக்க முடியும். வட்டி கால் சதவீதம் கூடினாலும் நேரில் உட்கார்ந்து பேச ஆள் இருப்பது கிராமப்புற வீட்டுக்குப் பெரிய பலம். ஒன்று நினைவிருக்கட்டும்: கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், 1978-ம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் யு.எஸ்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ஏக்கருக்குள், விளைச்சல் வருமானமும் ஆயிரம் டாலரைத் தாண்டாத நிலத்துக்கு விலக்கு உண்டு. தெரிவிக்கத் தவறினால் அபராதம் நில மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம்.

லேண்ட் கான்ட்ராக்ட் என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கி வேண்டாம், கிரெடிட் ஸ்கோர் வேண்டாம், மாதாமாதம் என்னிடமே கட்டுங்கள் என்பார் விற்பவர். முழுத்தொகையும் கட்டும்வரை பத்திரம் அவர் பெயரில்தான் இருக்கும். அவர் அந்த வீட்டின் மேல் வாங்கிய பழைய கடனுக்கு உங்கள் வீடு பிணையாக நிற்கும். ஸ்கோர் இல்லை என்பதற்காக யாரும் இதில் விழத் தேவையில்லை. ஒரு கடன் கணக்கோ கிரெடிட் கார்டோ ஆறு மாதம் ஓடினாலே ஸ்கோர் உருவாகும். அதுவும் இல்லாதவர்களுக்கு 12 மாத வாடகை, மின்சாரம், போன் ரசீதுகளைப் பார்த்துக் கடன் தர வழி இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் பணம்

அப்பா அனுப்பும் பணத்தை முன்பணத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் வந்த வழி தாளில் தெரிய வேண்டும். கடைசி இரண்டு மாத வங்கிக் கணக்கை லெண்டர் வரிவரியாகப் பார்ப்பார். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தொகையாக ஏதாவது வந்திருந்தால் விளக்கம் கேட்பார். திருப்பித் தர வேண்டியதில்லை என்று அப்பா கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதமும், அவர் வங்கியிலிருந்து பணம் கிளம்பிய பதிவும் வேண்டும். சீட்டு எடுத்த பணம், நகை அடகு வைத்துப் புரட்டிய பணம், யாரோ ஒருவர் மூலம் கைமாறிய பணம் எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரிக்கணக்கில் அமெரிக்க வசிப்பாளராக இருக்கும் உங்களுக்கு ஒரே வருடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் வரி இல்லை, ஆனால் 3520-ம் எண் படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

குறைந்தது மூன்று லெண்டர்களிடம் வட்டியும் செலவும் எழுதிய லோன் எஸ்டிமேட் வாங்குங்கள். விண்ணப்பித்த மூன்று வேலைநாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். எல்லா விண்ணப்பங்களையும் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டால் ஸ்கோர் கணக்கில் ஒரே விசாரணையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். முன்பணத்துக்கு மாநில அமைப்பான ஐ.எச்.சி.டி.ஏ. உதவித் திட்டங்கள் வைத்திருக்கிறது; நீங்கள் போகும் லெண்டர் அதில் சேர்ந்தவரா என்று கேளுங்கள்.

க்ளோஸிங் முடிந்ததும் கவுண்டி ஆடிட்டர் அலுவலகத்தில் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிக்கழிவு உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று நேரில் கேட்டுவிடுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு இந்தியானாவில் சொத்துவரி, மக்கள் வாக்களித்துச் சேர்த்த வரிகள் நீங்கலாக, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்த வரம்பு பொதுவாக வீட்டுக்கும் அதைச் சுற்றிய ஒரு ஏக்கருக்கும்தான். மீதி நிலத்துக்கு வரம்பு கூடுதல். பதிவாகாமல் விட்டால் வரி ஏறும், வரிக்கும் காப்பீட்டுக்கும் லெண்டர் ஒதுக்கிவைக்கும் எஸ்க்ரோவில் பணம் போதாமல் போகும், அடுத்த வருடம் மாதத் தவணை திடீரென்று உயர்ந்து நிற்கும்.