டேக் எண் ஆமையின் பெயர் அல்ல

கடல் விலங்குகள் போகும் இடத்தை அறிய அவற்றில் பொருத்தும் சிறு கருவிதான் டேக். அதை ஆன் செய்யாமலே ஆமையைக் கடலில் விடுவது போன்ற தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை செய்தவர் மறுமுறை செய்ய மாட்டார். டேக் தரும் தரவைப் பதிந்து பகிர்வதில் நான் செய்த வேறொன்றை இன்று புதியவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள், எரிச்சலெல்லாம் அதில்தான்.

ஒரே எண், இரண்டு ஆமை

ஆர்கோஸ் என்பது டேக்கின் சிக்னலைச் செயற்கைக்கோள் வழியே பிடித்து இடத்தைக் கணக்கிடும் அமைப்பு. அதன் டேக் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கோப்பில் அதையே ஆமையின் பெயராகவும் போட்டுவைத்தேன். சில மாதங்களில் டேக் கழன்று கரை ஒதுங்க, யாரோ எடுத்துப்போய் மொட்டைமாடியில் வைத்துவிட்டார். சிக்னல் விடாமல் வந்தது. ஆர்கோஸ் ஒவ்வோர் இடத்தையும் துல்லியப்படி வகுப்பு பிரிக்கும். வந்ததெல்லாம் 3-ஆம் வகுப்பு, அதாவது பிழை 250 மீட்டருக்குள். சில நொடி மட்டும் தலைதூக்கி மூழ்கும் ஆமை அவ்வளவு சுத்தமாக இடம் சொல்லுமா? அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்களுக்கோ ஒரே சந்தோஷம்.

அப்புறம் விஷயம் தெரிந்து டேக்கை மீட்டோம். பேட்டரி மாற்றி, நிலத்துக்கு மறுபக்கக் கடலில் வேறோர் ஆமைமேல் ஒட்டினோம். எண் அதேதான், அதனால் கோப்பில் இரண்டு ஆமையின் பாதையும் நிலத்தின் குறுக்கே ஒன்றாகிவிட்டது. கோப்பையும் அப்படியே பகிர்ந்தோம். இரண்டு வருடம் கழித்து முகமறியாத ஒருவர் கேட்டார்: "உங்கள் ஆமை மலையேறுமா?" அதற்குள் அந்தத் தரவை வைத்து வாழிட வரைபடம் போட்டிருந்தார் பாவம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்.

விலங்குக்கு ஓர் அடையாளம், டேக்குக்கு ஓர் அடையாளம், இரண்டும் சேர்ந்திருந்த காலத்துக்குத் தனியாக ஒரு வரி. விலங்கு நடமாட்டத் தரவைச் சேமித்துப் பகிரும் மூவ்பேங்க் தளம் இவற்றைப் பிரித்துக் கேட்பது சும்மா இல்லை. அந்த வரியில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கட்டும். தொடக்கத்தை எப்படியோ எழுதிவிடுகிறார்கள், முடிவைத்தான் காலியாக விடுகிறார்கள். டேக் கழன்றது எப்போது என்று திட்டமாகத் தெரியாதா? சரி, ஆமைமேல் இருந்ததாக நம்பக்கூடிய கடைசி நேரத்தைப் போட்டு, ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். கரையில் கிடந்த நாட்களை அழிக்க வேண்டாம். ஆமையின் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

ஏ, பி வகுப்புகளைக் குப்பையில் போடுவது

ஆர்கோஸில் சில சிக்னல்களை மட்டும் வைத்துக் கணக்கிட்ட, துல்லியம் குறைந்த இடங்கள் இவை. ஆமையிடமிருந்து வருவதில் பெரும்பகுதி அவைதான். பிழை நீள்வட்டத்தோடு, அதாவது விலங்கு இருந்திருக்கக்கூடிய பரப்போடு, சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பாசித் தடுப்புப் பூச்சு

டேக்மேல் பாசி படியாமல் பூசும் இது, டேக் நீருக்குள் இருக்கிறதா என்று அறியும் உப்புநீர் உணரிமேல் படக் கூடாது. பட்டால் ஆமை நீருக்குள்ளா வெளியிலா என்பதே டேக்குக்குத் தெரியாது.

ஒலி டேக்

இது மீனில் பொருத்தி ஒலி அனுப்பும் டேக்; நீருக்குள் வைத்த ரிசீவர் அதைக் கேட்டுப் பதியும். ரிசீவருக்குக் கேட்கவில்லை என்றால் மீன் அங்கே இல்லை என்று அர்த்தமில்லை. காற்றும் அலையும் கூடினால் கேட்கும் தூரம் சுருங்கிவிடும். ரிசீவரின் கடிகாரமும் மெல்ல விலகும், திருத்தாமல் பகிராதீர்கள்.

முட்டையிடும் இடம்

பொதுவில் பகிரும் வரைபடத்தில் துல்லியமாகப் போடாதீர்கள். முட்டை திருடுபவர்களும் வரைபடம் பார்ப்பார்கள்.