வறட்சி தாங்குற கொண்டக்கடலை: நம்ம கரிசல்ல செய்யக்கூடாத தப்புங்க

வறட்சி தாங்குற ரகம்னா தண்ணியே வேண்டாம்னு நினைக்காங்க பாருங்க, முக்காவாசி தப்பு அதுலேருந்துதான் வருது. இந்தக் கடலை மண்ணுக்குள்ள நிக்குற ஈரத்த வச்சுதான் பொழைக்கும். ஜேஜி 11 மாதிரி ரகம் சுமார் நூறு நாள்ல முடிஞ்சிரும், அடி ஈரம் வத்துறதுக்குள்ள காய் முத்திரும், அதான் அதோட பலமே. வேரு ஆழமா போற ஐசிசி 4958ங்கிற பழைய கடலை வகையோட குணத்த ஏத்தி பூசா 10216னு ஒண்ணு விட்டுருக்காங்க, நல்ல ரகந்தான், ஆனா அது மத்திய இந்தியாவுக்குச் சொன்னது, பேரக் கேட்டுட்டு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுறாதீங்க. வெள்ளக்கடலையும் (பெருசா வெளுப்பா இருக்குற காபூலி கடலை) மானாவாரிக்கு வேண்டாம், அதுக்கு ஈரம் கூடுதலா வேணும்.

அடுத்தது வெதைப்பு நேரம். திருநெல்வேலிச் சீமையில மானூர், சங்கரன்கோவில் பக்கம் ஐப்பசியில மொத மழை விழுந்ததுமே அவசரப்பட்டு போடுதாங்க, அப்புறம் கார்த்திகை அடைமழையில தண்ணி நின்னு, தண்டோட அடி அழுகுற கழுத்தழுகல் நோய் வந்து பயிரே போயிருது. பெருமழை ஓஞ்சு மண்ணு பதத்துக்கு வந்ததும் போடணும், ஆனா மார்கழி தாண்டவும் விட்டுறக்கூடாது, பூக்குற நேரம் மாசி பங்குனி வெயில்ல மாட்டுனா பூ கொட்டும், காயும் பொக்காயிரும். மேலாக்க தூவாதீங்க, ரெண்டு மூணு இஞ்ச் ஆழத்துல ஈரத்துல விழணும்.

விதை நேர்த்தியில ரைசோபியம், அதான் வேர்ல முடிச்சு கட்ட வைக்குற நுண்ணுயிர் உரம், கடைசியாத்தான் கலக்கணும், பூஞ்சாண மருந்து போட்ட கையோட அதையும் சேத்துக் கலக்கி வெயில்ல காயவச்சா அந்த நுண்ணுயிர் செத்துரும், நிழல்ல உலத்துங்க. உளுந்துக்கு வாங்குன பாக்கெட்டு இதுக்கு ஆகாது, கொண்டக்கடலைக்குன்னே கேட்டு வாங்குங்க. யூரியாவ அள்ளிப் போட்டா இலைதான் மண்டும், வேர்ல முடிச்சு கட்டாது, உள்ள ஈரத்தையும் அந்த இலையே குடிச்சிரும்.

கெணத்துல தண்ணி இருக்குன்னா பூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, காய் பிடிக்கையில ஒண்ணு, அதுவும் லேசா, போதும். கரிசல் பாளம் பாளமா வெடிச்ச பெறகு மடையத் தொறந்து விடுறதுதான் பெரிய கொடுமை, தண்ணி வெடிப்புக்குள்ள இறங்கிப் போயிரும், நின்ன செடியும் வாடிரும். நுனி கிள்ளுறதும் ஈரம் இருந்தாத்தான், காஞ்ச நிலத்துல கிள்ளாதீங்க, பக்கக்கெளை வராது.

காய்ப்புழு விஷயத்துல காயில ஓட்டையப் பாத்துட்டு மருந்துக்கு ஓடுனா பிரயோசனம் இல்ல, புழு அதுக்குள்ள பெருத்துரும். பூ எடுக்கைலயே ஏக்கருக்கு அஞ்சு இனக்கவர்ச்சிப் பொறி (வாசனைய வச்சு ஆண் அந்துப்பூச்சிய இழுத்துப் பிடிக்குறது) வைங்க, புழு தின்னுற கருவாட்டுவாலி (கரிச்சான் குருவி) உக்கார குச்சி நட்டு விடுங்க. என்பிவி, அதான் புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லுற வைரஸ் மருந்து, அடிக்கதா இருந்தா சாயங்காலம் அடிங்க, வெயில் பட்டா அது வீரியம் இழந்துரும்.

அப்புறம் நல்லா வெளைஞ்சுதுன்னு அடுத்த வருசமும் அதே நிலத்துல போடாதீங்க. வாடல் நோய்ப் பூஞ்சாணம் பயிரே இல்லாட்டாலும் வருசக்கணக்கா மண்ணுல கெடக்கும், அங்கன சோளமோ கம்போ போட்டுட்டு கடலைய வேற துண்டுக்கு மாத்துங்க.